வீட்டு மீடியா சர்வருக்கு எந்தப் பெட்டி: ராஸ்பெர்ரி பை, பழைய மினி பிசி, என்100, நாஸ்?

வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் ஓரிடத்தில் வைத்து டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் பெட்டிதான் மீடியா சர்வர். அதை வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்தப் பெட்டி வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வீட்டில் இருக்கும் டிவியால் எந்தெந்தக் கோப்பை அப்படியே ஓட்ட முடியும்? இதற்குப் பதில் தெரிந்தால் பெட்டி ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கினால் தேவைக்கு மேல் காசு போகும், அல்லது படம் பத்து நொடிக்கு ஒரு தடவை நின்று சுற்றிக்கொண்டிருக்கும்.

காரணம் எளிது. டிவிக்குப் புரியும் வடிவில் கோப்பு இருந்தால், சர்வரின் வேலை அதை டிஸ்க்கிலிருந்து எடுத்து நெட்வொர்க்கில் அனுப்புவது மட்டுமே. இதுதான் டைரக்ட் ப்ளே. பத்து வருடப் பழைய கம்ப்யூட்டருக்கும் இது பெரிய வேலை இல்லை. புரியாத வடிவம் என்றால், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வர் அதைப் பிரித்து வேறு வடிவில் மீண்டும் சுருக்க வேண்டும். இது டிரான்ஸ்கோடிங். பெட்டிகளுக்கு இடையிலான வித்தியாசமெல்லாம் இங்கேதான் வெளிப்படும்.

டிரான்ஸ்கோடிங்கைத் தூண்டுவது மூன்று. ஒன்று, வீடியோ கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை. எச்.264 எல்லா இடத்திலும் ஓடும். எச்இவிசி புதிய டிவிகளில் ஓடும், சில பிரவுசர்களில் ஓடாது. டிவிடியின் எம்பெக்-2 எந்த பிரவுசரிலும் ஓடாது. இரண்டு, ஆடியோ. டிடிஎஸ் ஒலியைப் பல டிவிகள் ஏற்காது. சாம்சங் 2018 வாக்கிலேயே அதைக் கைவிட்டது. ஆனால் ஒலியை மட்டும் மாற்றுவது சர்வருக்குச் சின்ன சுமைதான், பயப்பட வேண்டாம். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: சப்டைட்டில். ப்ளூரேயில் வரும் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். அதை டிவி காட்டத் தெரியாமல் விழித்தால், சர்வர் அதை வீடியோவின் மேலேயே பதித்து அனுப்ப வேண்டும். அப்போது முழு வீடியோவும் டிரான்ஸ்கோட் ஆகும்.

தமிழ் சப்டைட்டிலுக்கு இதில் தனித் தொல்லை உண்டு. சில டிவி ஆப்களில் 'கொ', 'தெ' போன்றவற்றின் கொம்பு இடம் மாறி, நடுவில் புள்ளி வட்டம் தெரியும். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையை அந்த ஆப் செய்வதில்லை என்று அர்த்தம். இதற்கு எளிய வழி, ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளின் அமைப்பில் சப்டைட்டிலைப் பதித்து அனுப்பச் சொல்வது. அப்படிச் செய்தால் சர்வரில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசையாகக் கட்டங்கள்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவினால் போதும். கட்டங்களுக்குப் பதில் லத்தீன் எழுத்துக் குப்பை வந்தால் அது எழுத்துருப் பிரச்சினை இல்லை. சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். தமிழ் சப்டைட்டிலோடு தினமும் படம் பார்க்கிற வீடு, டிவி அதைச் சரியாகக் காட்டவில்லை என்றால், டிரான்ஸ்கோட் செய்ய முடியாத பெட்டியை வாங்கவே கூடாது.

காசு செலவழிக்கும் முன் ஒரு மாலை

கையில் இருக்கும் லேப்டாப்பில் ஜெல்லிஃபின் சர்வரை நிறுவுங்கள். இலவசம், விண்டோஸிலும் ஓடும். உங்கள் சேகரிப்பிலிருந்து ஐந்து வகைக் கோப்புகளை எடுத்து ஒரு ஃபோல்டரில் போடுங்கள்: ஒரு டிவிடி கோப்பு, ஒரு 1080பி எச்.264, ஒரு 4கே எச்இவிசி, போனில் எடுத்த ஒரு வீடியோ, சப்டைட்டிலோடு ஒரு படம். டிவியில் ஜெல்லிஃபின் ஆப்பை நிறுவி ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். அதே நேரம் லேப்டாப் பிரவுசரில் 8096 போர்ட்டைத் திறந்து டாஷ்போர்டைப் பார்த்தால், எது டைரக்ட் ப்ளே, எது டிரான்ஸ்கோடிங் என்று தெரியும். டிரான்ஸ்கோடிங் என்றால் காரணத்தையும் காட்டும். ஐந்தும் டைரக்ட் ப்ளே ஆனால், கீழே சொல்லும் எந்தப் பெட்டியும் உங்களுக்குப் போதும். விலை, மின்சாரம், டிஸ்க் இடம் மூன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கல்யாண டிவிடிகள்

நம் வீடுகளில் இழந்தால் திரும்பக் கிடைக்காத வீடியோ, சினிமா அல்ல. கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் ஆகியவற்றின் டிவிடிகளும் அதற்கு முந்தைய விசிடிகளும்தான். இவற்றை முதலில் சரியாக எடுத்து வைத்தால், பெட்டியின் மேல் விழும் சுமையும் குறையும்.

டிவிடியைத் திறந்தால் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் வெட்டப்பட்ட விஓபி கோப்புகள் இருக்கும். அவற்றை அப்படியே காப்பி செய்தால் ஒரு கல்யாணம் நான்கைந்து துண்டாகக் கிடக்கும். மேக்எம்கேவி என்ற மென்பொருள் கொண்டு எடுத்தால், தரம் துளியும் குறையாமல் ஒரே எம்கேவி கோப்பாகக் கிடைக்கும். ஒற்றை அடுக்கு டிவிடி என்றால் 4.7 ஜிபிக்குள் அடங்கும். உள்ளே இருப்பது எம்பெக்-2, 720×576, நொடிக்கு 25 ஃப்ரேம், பெரும்பாலும் இன்டர்லேஸ்டு. அதாவது ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரண்டு வெவ்வேறு கணங்களின் வரிகள் மாறி மாறி இருக்கும். மாலை மாற்றும்போது கை அசைகிற இடத்தில் சீப்புப் பல் போல கோடு கோடாகத் தெரிவது இதனால்தான்.

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், இந்தக் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸ் பகுதியில் 'பாப்' வகையைத் தேர்ந்து, ஃப்ரேம் ரேட்டை 50 என வைத்து, எச்.264, தர அளவு 18 முதல் 20 வரை கொடுத்து ஒருமுறை மாற்றிவிடுங்கள். 25 என்று வைத்தால் அசைவின் பாதி போய்விடும். நாதஸ்வரக்காரரின் விரல்கள் தத்தித் தத்தி நகரும். மாற்றிய கோப்பு எந்த டிவியிலும் டைரக்ட் ப்ளே ஆகும். மூல எம்கேவியை அழிக்காதீர்கள். அதுதான் காப்பக நகல்.

விசிடியில் வேறு சிக்கல். டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்தம் விசிடியின் வீடியோ செக்டர்களில் கிடையாது. மெல்லிய கீறலுக்கே காப்பி பாதியில் நின்றுவிடும். வட்டை மையத்திலிருந்து வெளிப்பக்கமாக நேர்கோட்டில் துடைத்து (வட்டமாகத் துடைக்கக் கூடாது), வேறு வேறு டிரைவ்களில் முயலுங்கள். ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொன்று படித்துவிடும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் எழுதிய சிடி, டிவிடிகளின் சாயம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கு ஆண்டு கெட்டுக்கொண்டே வரும்.

ராஸ்பெர்ரி பை 5

உள்ளங்கை அளவு சிறிய கம்ப்யூட்டர் போர்டு, 2023இல் வந்தது. மின்சாரம் மிகக் குறைவு; சும்மா இருக்கும்போது சுமார் 3 முதல் 4 வாட். டைரக்ட் ப்ளே மட்டும் போதும் என்றால் நல்ல பெட்டி. ஆனால் இதன் சிப்பில் எச்இவிசியைப் பிரிக்கும் வன்பொருள் மட்டும் உண்டு, எச்.264ஐப் பிரிக்கவும் இல்லை, எந்த வடிவிலும் சுருக்கவும் இல்லை. டிரான்ஸ்கோட் செய்ய நேர்ந்தால் எல்லாம் சிபியு தலையில் விழும். டிவிடி அளவு வீடியோவைச் சமாளித்துவிடும். 4கே என்றால் மறந்துவிடுங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு மின்சாரம். பை 5க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரைச் செருகினாலும் பூட் ஆகும். ஆனால் 5 ஆம்பியர் கிடைக்காதபோது எல்லா யூஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் விடும். 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் கணத்தில் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். விளைவு: டிஸ்க் 'டிக், டிக்' என்று சத்தமிட்டு, காணாமல் போய், மறுபடி வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் புது டிஸ்க் வாங்குகிறார்கள். சரியான அடாப்டர் போட்டால் 1.6 ஆம்பியர் வரை கிடைக்கும். பெரும்பாலும் அத்துடன் தொல்லை தீர்ந்துவிடும். 3.5 இன்ச் டிஸ்க் என்றால் அதற்கே தனி 12 வோல்ட் அடாப்டர் இருக்கும் உறைதான் வேண்டும்.

போர்டு விலையை மட்டும் பார்த்து மலிவு என்று நினைக்க வேண்டாம். அடாப்டர், கூலிங் ஃபேன், கேஸ், எஸ்டி கார்டு அல்லது என்விஎம்இ எஸ்எஸ்டிக்கான போர்டு எல்லாம் சேர்த்தால், பழைய மினி பிசி விலையை நெருங்கிவிடும். ஃபேன் இல்லாமல் கோடையில் டிவி அலமாரிக்குள் வைத்தால், 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பழைய ஆபீஸ் மினி பிசி

பெரும்பாலான வீடுகளுக்கு என் பரிந்துரை இதுதான். டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலிட்டெஸ்க் மினி ஆகியவை அலுவலகங்களிலிருந்து மொத்தமாகக் கழிக்கப்பட்டு, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களுக்கு வந்து சேர்கின்றன. தடித்த புத்தகம் அளவுதான் இருக்கும்.

இங்கே பார்க்க வேண்டியது வேகமோ கோர் எண்ணிக்கையோ அல்ல, இன்டெல் தலைமுறை. 6ஆம் தலைமுறை, எச்இவிசி 8-பிட் மட்டுமே வன்பொருளில் பிரிக்கும். இப்போதைய 4கே கோப்புகளோ பெரும்பாலும் 10-பிட். 7ஆம் தலைமுறையிலிருந்து 10-பிட்டும் வரும். 8ஆம் தலைமுறையின் ஐ5-8500டி தேடுங்கள்: ஆறு கோர், 35 வாட் வகுப்பு, சும்மா இருக்கும்போது மொத்தப் பெட்டியும் சுமார் 10 முதல் 15 வாட்தான் இழுக்கும். குயிக் சிங்க் என்ற அதன் வீடியோ எஞ்சின் 1080பி டிரான்ஸ்கோடுகள் பலவற்றை ஒரே நேரத்தில் சிரமமின்றிச் செய்யும். அதில் இல்லாதது ஏவி1 என்ற புதிய கோடெக்கைப் பிரிக்கும் வசதி. அது 11ஆம் தலைமுறையில்தான் வந்தது.

கடையிலேயே பெட்டியை ஆன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பயாஸுக்குள் (பெட்டியின் அடிப்படை அமைப்புத் திரை) நுழைய பாஸ்வேர்ட் கேட்டால் வாங்காதீர்கள். டெல் என்றால் அடாப்டர் டெல்லுடையதாகவே இருக்கட்டும்; அடையாளம் தெரியாத அடாப்டர் என்று எச்சரிக்கை காட்டினால், சிபியு முழு வேகத்தில் ஓடாது. 2.5 இன்ச் டிஸ்க் மாட்டும் தட்டும் அதன் கேபிளும் உள்ளே இருக்கின்றனவா என்று மூடியைத் திறந்து பாருங்கள். பழைய பெட்டிகளில் பாதிக்கு மேல் காணாமல் போவது இவைதான். தனியாகத் தேடி அலைவது பெரும்பாடு. கூடவே வரும் எஸ்எஸ்டி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையையும் பார்த்துவிடுங்கள்.

குயிக் சிங்க்கை இயக்க மறப்பது அடுத்த தவறு. லினக்ஸில் டாக்கர் வழியாக (ஒவ்வொரு மென்பொருளையும் கன்டெய்னர் என்ற தனிக் கூட்டுக்குள் ஓட்டும் முறை) ஜெல்லிஃபின் ஓட்டினால், ரெண்டர் சாதனத்தை, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பை, கன்டெய்னருக்குள் அனுப்ப வேண்டும். ஜெல்லிஃபின் பயனர் ரெண்டர் குழுவில் இருக்க வேண்டும். டாஷ்போர்டின் டிரான்ஸ்கோடிங் பக்கத்தில் குயிக் சிங்க்கைத் தேர்ந்து, எச்இவிசி 10-பிட்டில் டிக் போட வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் குயிக் சிங்க் கைகொடுக்காது. ஒரு படத்தை டிரான்ஸ்கோட் ஆகவிட்டு சிபியுவைப் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் மென்பொருளில் ஓடுகிறது என்று அர்த்தம்.

என்100 புதுப் பெட்டி

இன்டெல் என்100, 2023இல் வந்த 6 வாட் சிப். நான்கு சிறிய கோர்கள். கணக்கு வேலையில் 8500டியைவிடப் பின்தங்கும், வீடியோ எஞ்சினில் முந்தும். ஏவி1ஐயும் பிரிக்கும். புதுசு, உத்தரவாதத்தோடு வரும், மின்சாரமும் குறைவு. பழைய பொருள் வாங்கத் தயங்குபவர்களுக்கும், 4கே எச்டிஆர் படங்களைப் போனில் பார்ப்பவர்களுக்கும் இது சரி. பெயர் தெரியாத பிராண்ட் பெட்டிகளில் வரும் எஸ்எஸ்டியை நம்பி எதையும் வைக்காதீர்கள். சிஸ்டத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கரண்ட் போய் வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பு பயாஸில் இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். எல்லாப் பெட்டியிலும் அது இருப்பதில்லை.

நாஸ்

நாஸ் என்பது டிஸ்க்குகளை மாட்டி வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் பெட்டி. சினாலஜி போன்ற நிறுவனங்களின் ரெடிமேட் நாஸ், டிஸ்க் வைக்க மிக நல்ல இடம். படம் ஓட்ட சுமாரான இடம். சினாலஜி 2024இல் டிஎஸ்எம் என்ற தன் சிஸ்டத்தின் 7.2.2 பதிப்பில், படம் ஓட்டும் வீடியோ ஸ்டேஷன் ஆப்பை நீக்கிவிட்டது. 2025இல் சில மாடல்களில் தன் பட்டியலில் உள்ள டிஸ்க்குகளை மட்டுமே அனுமதித்து, எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டு பின்வாங்கியது. பூட்டிய பெட்டியில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு: நாம் வாங்கியபோது இருந்த வசதி, அப்டேட்டில் போய்விடலாம். லினக்ஸைத் தொடவே விருப்பமில்லை, 3.5 இன்ச் டிஸ்க் இரண்டு வேண்டும், போன் படங்கள் தானாகச் சேர வேண்டும் என்றால் வாங்குங்கள். படங்களுக்காக மட்டும் வேண்டாம்.

மிரர் ரெய்டு (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதும் முறை) பேக்கப் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். தவறுதலாகக் கல்யாண ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். மினி பிசியில் ஒரு டிஸ்க், வாரம் ஒருமுறை ஆர்சிங்க் மூலம் நகல் எடுக்கும் இன்னொரு யூஎஸ்பி டிஸ்க், மூன்றாவதாக உறவினர் வீட்டு பீரோவில் ஒன்று. குடும்ப வீடியோவுக்கு இந்த ஏற்பாடு மிரரைவிடப் பாதுகாப்பானது. மலிவான பெரிய டிஸ்க்குகள் பல எஸ்எம்ஆர் வகை, அதாவது தடங்கள் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுபவை. ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் படங்களுக்கு அது போதும். ரெய்டில் மட்டும் போடாதீர்கள், புது டிஸ்க்குக்கு மறுபடி எழுதும்போது நாள்கணக்கில் இழுக்கும்.

கையிலிருக்கும் பழைய லேப்டாப்

திரை உடைந்த லேப்டாப் கூட நல்ல சர்வர்தான், உள்ளேயே பேட்டரி என்ற யூபிஎஸ் இருக்கிறது. ஆனால் வருடம் முழுக்க 100 சதவீத சார்ஜில், வெப்பத்தில் கிடந்தால் பேட்டரி உப்பும். சார்ஜை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு இருந்தால் போடுங்கள். டச்பேட் மேலே எழும்ப ஆரம்பித்தால் உடனே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பழைய டெஸ்க்டாப் வேண்டாம். வாட்டை 1.44ஆல் பெருக்கினால் 60 நாள் யூனிட் வரும்: 10 வாட் பெட்டிக்கு 14.4 யூனிட், 60 வாட் டெஸ்க்டாப்புக்கு 86.4. இரு மாதத்துக்கு ஒருமுறை இலவச யூனிட் கிடைக்கும் தமிழ்நாட்டு வீட்டில், அந்த இலவசத்தில் நல்ல பங்கை டெஸ்க்டாப் ஒன்றே தின்றுவிடும்.

மென்பொருளும் மற்ற வேலைகளும்

ஜெல்லிஃபின், 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற மீடியா சர்வர் மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது அதிலிருந்து பிரிந்தது. முழுக்க இலவசம், வன்பொருள் டிரான்ஸ்கோடிங் உட்பட. பிளெக்ஸ் என்ற போட்டி மென்பொருளில் அதற்குச் சந்தா வேண்டும். 2025 ஏப்ரலில் ஆயுள் சந்தா 120 டாலரிலிருந்து 250 டாலர் ஆனது, வெளியூரிலிருந்து பார்ப்பதும் கட்டணமானது. பிளெக்ஸின் பலம், ஆப் ஏறக்குறைய எல்லா டிவி ஸ்டோரிலும் கிடைப்பது. உங்கள் டிவி ஸ்டோரில் ஜெல்லிஃபின் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு டிவி ஸ்டிக் ஒன்று போதும், சந்தாவைவிட மலிவு.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ரௌட்டரின் வான் ஐபியை (இணையப் பக்கத்து முகவரியை) பாருங்கள். 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால் சிஜிநாட், அதாவது இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே வெளி ஐபியைப் பகிர்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரௌட்டர் சர்வருக்குத் திருப்பிவிடுவது) எத்தனை செய்தாலும் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் ஆப்பைப் போடுங்கள். சர்வரை நெட்டில் திறந்துவிடாமல் இருப்பதும் நல்லதுதான்.

அதே பெட்டியில், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை ஓட்டும் எண்ணம் இருந்தால் 8 ஜிபி ராம் வையுங்கள். ராஸ்பெர்ரி பையில் எஸ்டி கார்டு வேண்டாம்: ஹோம் அசிஸ்டன்ட் சென்சார் அளவுகளை 5 நொடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும், கார்டு தேய்ந்துவிடும். ஸ்மார்ட் பல்பு, சென்சார்களோடு பேசும் ஜிக்பீ டாங்கிளை நேராகப் பெட்டியில் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 டிஸ்க்கும் கேபிளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். பக்கத்து அறை பல்பு சொன்ன பேச்சைக் கேட்காததற்கு இதுவே காரணமாக இருக்கும். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2 நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள்.

டிவியை கேபிளில் இணைப்பதிலும் ஒரு கவனம். பல டிவிகளின் ஈதர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. பெரிய 4கே கோப்புகள் சில கணங்களில் அதைத் தாண்டும். அப்படித் திணறினால் டிவியை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையிலும், சர்வரை மட்டும் கேபிளிலும் வைத்துப் பாருங்கள்.

கரண்ட் போகும் சோதனை

வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறும் நேரம் கூடுதல். மினி பிசி அந்த இடைவெளியில் அணைந்துவிடலாம். யூபிஎஸ்ஸில் வையுங்கள். பயாஸில் மின்சாரம் திரும்பியதும் ஆன் ஆகும் அமைப்பைப் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், சிஸ்டத்தை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு, சுவரில் பிளக்கைக் கழற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் செருகும்போது பட்டனைத் தொடாமல் பெட்டி எழ வேண்டும், ஜெல்லிஃபின் தானாக வர வேண்டும், யூஎஸ்பி டிஸ்க் அதே இடத்தில் மவுண்ட் ஆகியிருக்க வேண்டும். பெட்டி எழவில்லை, பயாஸில் தேதி பழைய வருடத்தைக் காட்டுகிறது என்றால், உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. நீங்கள் போட்ட அமைப்பையும் அது மறந்துவிட்டது. பழைய மினி பிசியில் இது சகஜம். கடிகாரக் கடையில் கிடைக்கும் பேட்டரிதான். மாற்றிவிட்டு, பயாஸில் அந்த அமைப்பை மறுபடி போட்டு, இன்னோர் இரவு பிளக்கைக் கழற்றி வையுங்கள்.